காய்ச்சலோடு ஒரு பயணம்: மண்டபத்திலிருந்து பதுளை வரை

கடந்த ஜனவரியில் நாங்கள் ஐந்து பேர் பதுளையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு மாணவர் மாநாட்டுக்குப் போனோம். ஐந்து பேரும் கலைப்பீடம், ஐந்து பேரும் தோட்டத்துப் பிள்ளைகள். பசறைப் பக்கம் ரெண்டு பேர், ஹாலிஎலப் பக்கம் ஒருத்தர், அப்புத்தளைப் பக்கம் ரெண்டு பேர். எங்கள் பூட்டன் பூட்டிமார் இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த வழியைப் பற்றித்தான் கட்டுரை வாசிக்கப் போனோம்.

புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது ஏற்பாட்டாளர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார்கள். எல்லா இடமும் ஃபுளூ காய்ச்சலாக இருக்கு, அதனால் கவனமாக வாங்க என்று. தடிமன், காய்ச்சல் இருந்தால் வரவேண்டாம். பஸ்ஸில் முகக்கவசம் போடுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். திரும்பிப் போய் காய்ச்சல் வந்தால் தனி அறையில் இருந்து ஓய்வெடுங்கள். எல்லாம் நல்ல புத்திதான். ஆனால் கடைசி வரியை வாசித்ததும் ஐந்து பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தனி அறையா? பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் காம்பராவில் ஏழு பேர் படுக்கிற வீட்டில் எந்த அறை தனி அறை?

சிரித்து முடித்த பிறகுதான் யோசித்தோம். நாங்கள் எழுதிய கட்டுரைக்குள்ளேயே இந்தக் கேள்வி இருக்கே என்று. எங்கள் ஆட்கள் பயணப்பட்ட காலமெல்லாம் நோய்ப் பயமும் கூடவே வந்திருக்கு. "நோயில்லாமல் வா" என்ற உத்தரவும் வந்திருக்கு. அந்த உத்தரவு யாரைக் காப்பாற்றுவதற்காகப் போடப்பட்டது? இந்தக் கட்டுரையில் நாங்கள் கேட்க விரும்புவது அதைத்தான்.

நடந்து வந்த வழி

பதுளையிலிருந்து கண்டிக்குப் போய், அங்கே யாழ்ப்பாண பஸ் எடுத்தோம். கண்டி – யாழ்ப்பாண ஏ9 வீதி மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி, வவுனியா என்று வடக்கே ஏறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்கு நடந்த வழியில் ஒரு பகுதி இதுதான். அவர்கள் எதிர்ப்பக்கமாக, காட்டுக்குள்ளே, குடிக்க நல்ல தண்ணீர் இல்லாமல் நடந்தார்கள். 2023இல் மலையக மக்களின் 200 வருடத்தை நினைத்து, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்த நடைபயணம் அந்த வழியை நினைத்துத்தான் நடந்தது.

அந்த வழியில் ஆளைக் கொன்றது முக்கியமாகக் கொலரா. பசியும் களைப்பும் அதற்குத் துணை. எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கு அன்றைக்கே பெரிய சண்டையாக இருந்தது. 1840களில் மட்டும் 70,000 பேர் வரை இறந்திருப்பார்கள் என்று 1849இல் ஒரு கொழும்புப் பத்திரிகை எழுதியது. அரசாங்கத் தரப்பு அதை ஏற்கவில்லை. செத்தவர்களின் பெயர் எழுதப்படாத இடத்தில் கணக்கு எப்படிச் சரியாக வரும்?

அரசாங்கம் இந்த வழியைப் பற்றிக் கவலைப்பட்டது உண்மை. ஆனால் அந்தக் கவலையில் பெரும்பங்கு, நடந்து போகிறவர்கள் கொலராவை வழியிலுள்ள ஊர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பதுதான். 1896இல் பம்பாயில் பிளேக் வந்த பிறகு இந்தப் பயம் இன்னும் கூடியது. அதன் பிறகு நடைவழி மூடப்பட்டது. தூத்துக்குடிப் பக்கம் தட்டப்பாறையில் ஒரு முகாம், கொழும்புக்குப் பக்கத்தில் ராகமையில் இன்னொரு முகாம். ராகம முகாம் முதலில் தென்னாபிரிக்காவின் போவர் யுத்தக் கைதிகளை அடைத்து வைத்த இடம். கைதிகள் போன இடத்துக்குத் தொழிலாளிகள் வந்தார்கள்.

1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியதும் வழி மறுபடியும் மாறியது. தட்டப்பாறை போய் மண்டபம் வந்தது. இராமேஸ்வரத்துக்கு முன்னால், கடற்கரையில், இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம். தோட்டத்துக்கு வருகிற ஒவ்வொரு ஆளும், புருசன் பொஞ்சாதி பிள்ளை குட்டி எல்லாரும், அங்கே ஐந்தாறு நாள் இருக்க வேண்டும். உடுப்பை வாங்கி ஆவியில் அவிப்பார்கள், அம்மைப்பால் குத்துவார்கள், கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுப்பார்கள். அதே கப்பலில் காசு கொடுத்து மேல்வகுப்பில் வருகிறவருக்கு இந்த அடைப்பு இல்லை. நோய்க்கிருமி டிக்கட் வகுப்பு பார்த்து ஏறுமா என்று அன்றைக்கு யாராவது கேட்டார்களா தெரியாது. நாங்கள் கேட்கிறோம்.

1918: ஐந்து மாத இடைவெளி

இப்போது ஃபுளூவுக்கு வருவோம். 1918 ஜூன் மாதம் பம்பாய்க்குக் கப்பலில் வந்திறங்கிய காய்ச்சல், அந்த வருடம் முடிவதற்குள் இந்தியாவில் மிகக் குறைத்துச் சொன்னாலும் ஒரு கோடியே இருபது லட்சம் பேரைக் கொன்றது. உலகமே அதை 'ஸ்பானிய ஃபுளூ' என்றது. இது வைரசால் வருகிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. மனிதரைத் தாக்கும் ஃபுளூ வைரசைப் பிரித்தெடுத்ததே 1933இல்தான்.

இலங்கையில் அது என்ன செய்தது என்பதை, 1891 முதல் 1931 வரையான சனத்தொகைக் கணக்கெடுப்புகளையும் மரணப் பதிவுகளையும் வைத்து 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. நாட்டின் சனத்தொகையில் ஏற்பட்ட இழப்பு சுமார் 307,000, அதாவது ஏறத்தாழ 6.7 வீதம். நூறு பேரில் ஆறேழு பேர். இது எல்லாமே மரணம் இல்லை, பிறக்காமல் போன பிள்ளைகளும் இந்த இழப்புக்குள் வரும். ஆனாலும் முன்னால் சொல்லப்பட்ட கணக்குகளைவிட இது மிகப் பெரிது. பல மரணங்கள் பதிவேட்டுக்கு வரவேயில்லை, அல்லது வேறு பெயரில் வந்திருக்கு என்று அந்த ஆய்வு நினைக்கிறது.

அதே ஆய்வில் எங்களை நிறுத்திய விசயம் இன்னொன்று. வடக்கிலும் தெற்கிலும் மரணங்கள் உச்சத்துக்குப் போனது 1918 ஒக்டோபர் தொடக்கத்தில். தீவின் நடுப்பகுதியில் உச்சம் வந்தது 1919 மார்ச் தொடக்கத்தில். இடையில் ஐந்து மாதம்.

மலையகம் கிடப்பது அந்த நடுவில்தான். கொழும்பில் என்ன நடந்தது என்று துரைமாருக்குத் தெரியும், பேப்பரில் வந்தது. மண்டபத்துக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்றும் தெரியும். அந்த நேரம் பதுளைக்கு ரயில்கூட வரவில்லை. ரயில் பண்டாரவளையோடு நின்றது, பதுளைக்கு வந்தது 1924இல். அப்படி ஒரு மூலையில் கிடந்த மலைநாட்டுக்கு ஐந்து மாத அவகாசம் கிடைத்திருக்கு. அந்த ஐந்து மாதத்தில் என்ன செய்திருக்கலாம்?

மண்டபத்து அடைப்பு ஃபுளூவைத் தடுத்திருக்காதா என்று ஒருத்தர் கேட்கலாம். ஃபுளூ தொற்றினால் ஒன்றிலிருந்து நாலு நாளுக்குள் காய்ச்சல் காட்டும். ஆனபடியால் ஐந்தாறு நாள் தனியாக வைத்தால் தெரிந்துவிடும்தானே? தெரிந்துவிடும், ஒவ்வொருவரையும் தனியாக வைத்தால். கூட்டமாக ஒரே கொட்டகையில் வைத்தால், முதல் நாள் ஒருத்தர் மூச்சில் இருந்தது ஐந்தாம் நாள் இன்னொருத்தர் மூச்சில் இருக்கும். காய்ச்சல் காட்டுவதற்கு ஒரு நாள் முன்னாடியே மற்றவருக்குக் கொடுக்கக்கூடிய நோய் இது. கொலராவுக்கும் பிளேக்குக்கும் அம்மைக்கும் கட்டிய வாசல் இதற்குப் பொருந்தாது. அதுவுமில்லாமல் கொழும்புத் துறைமுகம் திறந்தேதான் கிடந்தது.

ஆக, வாசலில் தடுக்க முடியாது. தடுக்க முடிந்த இடம் தோட்டத்துக்குள்ளே, லயத்துக்குள்ளே இருந்தது.

லயமும் சட்டமும்

லயம் எப்படி இருக்கும் என்று மலையகத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: ஒரே கூரையின் கீழ் முதுகோடு முதுகாகவும் பக்கத்தோடு பக்கமாகவும் ஒட்டிய காம்பராக்கள். பழைய காம்பராவுக்குச் சன்னல் இருக்காது, கதவு மட்டும். ஊவாவின் குளிரில் ராத்திரி கதவைச் சாத்தி, உள்ளேயே அடுப்பு மூட்டி, புகைக்குள்ளே எல்லாரும் ஒட்டிப் படுப்பார்கள். மூச்சால் பரவும் நோய்க்கு இதைவிட வசதியான வீட்டை யாராலும் கட்டிக்கொடுக்க முடியாது.

ரெண்டாவது, சாப்பாடு. 1918இல் இந்தியாவில் மழை பொய்த்தது. அடுத்த வருடம் இலங்கையில் அரிசிக்குப் பெரிய தட்டுப்பாடு. தோட்டத்து வயிறு வெளியிலிருந்து வருகிற அரிசியை நம்பியே இருந்தது. அரைவயிற்று உடம்பில் காய்ச்சல் வந்தால் நெஞ்சுச் சளியாகி முடிவதற்கு எத்தனை நாள் ஆகும்?

மூன்றாவது, ஓய்வு. பிரட்டுக்குப் போய்ப் பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். படுத்தால் அந்த நாள் போச்சு. அது மட்டுமா? 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, சொல்லாமல் கொள்ளாமல் தோட்டத்தை விட்டுப் போனாலோ, தகுந்த காரணமில்லாமல் வேலைக்கு வர மறுத்தாலோ மறியலுக்குப் போக வேண்டும். கடன் தொகையை எழுதிய 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டம் ஆளை எடுக்காது. காய்ச்சல் பரவுகிற தோட்டத்தை விட்டு விலகி இருக்கலாம் என்று ஒரு தாய் நினைத்தால்கூட, கால் நகர முடியாது.

மருத்துவமே இல்லையா என்றால், சட்டத்தில் இருந்தது. 1912இல் தோட்டங்களின் மருத்துவத் தேவைகளுக்கென்றும் தொழிலாளரின் நோய்களுக்கென்றும் ரெண்டு சட்டங்கள் வந்தன. ஆஸ்பத்திரி, டிஸ்பென்சரி, மருந்து எல்லாம் பேசப்பட்டன. ஆனால் அன்றைக்கு ஃபுளூவுக்கு மருந்து என்று ஒன்று எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது. காப்பாற்றக்கூடியது காற்று, சாப்பாடு, ஓய்வு, பார்த்துக்கொள்ள ஒரு ஆள். இந்த நாலையும் டிஸ்பென்சரி கொடுக்க முடியாது. தோட்டம்தான் கொடுக்க வேண்டும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். காய்ச்சல் உச்சத்தில் இருந்த அதே 1919இல்தான் சேர் பொன்னம்பலம் அருணாசலம் தொழிலாளர் நலனுக்கான சங்கத்தைத் தொடங்கி, இந்த மறியல் தண்டனைகளை எதிர்த்துப் பேசினார். 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது, மறியல் தண்டனையும் அதை ஒட்டி நீங்கியது. ஃபுளூவால்தான் இது நடந்தது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் வருத்தத்தில் படுக்கிற உரிமையும், இடத்தை விட்டு நகர்கிற உரிமையும் சுகாதாரத்தோடு சேர்ந்தவை என்று அந்த வருடங்களை வாசிக்கும்போது தெளிவாகத் தெரிகிறது.

நூறு வருடம் கழித்து

2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள். எல்லாரும் வீட்டில் இருங்கள் என்றார்கள். தேயிலை ஏற்றுமதி நிற்கக்கூடாது என்று தோட்டங்களுக்கு விலக்கு. அந்த நேரம் நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அம்மா கொழுந்துக்குப் போய் வந்ததும் வாசலில் கையைக் கழுவிவிட்டு உள்ளே வந்தது ஞாபகம் இருக்கு. உள்ளே வந்த பிறகு எல்லாரும் ஒரே காம்பராதான்.

அந்த வருடம் நவம்பரில் தீபாவளி வந்தபோது மேல் மாகாணத்தை விட்டு யாரும் வெளியே போகக்கூடாது என்று தடை. கொழும்பில் கடையிலும் ஹோட்டலிலும் வேலை செய்த எங்கள் அண்ணன் அக்காமார் பலர் ஊருக்கு வர முடியவில்லை. வந்தவர்களைப் பார்த்து "கொரோனா கொண்டு வந்துட்டான்" என்று சொன்னதும் எங்கள் லயத்து ஆட்களேதான். நூறு வருடம் முன்னாடி மற்றவர்கள் எங்களைப் பார்த்துச் சொன்னதை, நாங்களே எங்கள் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னோம். இதை எழுதும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கு.

இலங்கையில் ஃபுளூ பொதுவாக வருடத்துக்கு ரெண்டு முறை தலையெடுக்கும். மே, ஜூன் மாதங்களை ஒட்டி ஒருமுறை. நவம்பர் முதல் ஜனவரி, பெப்ரவரி வரையான காலத்தில் இன்னொரு முறை. தைப்பொங்கல் விழுவது அந்த ரெண்டாவது காலத்தில், தீபாவளி வருவதும் அதை ஒட்டித்தான். வெளியூரில் படிக்கிற, வேலை செய்கிற மலையகத்துப் பிள்ளைகள் எல்லாம் நெருக்கி அடித்த பஸ்ஸில் வீடு திரும்புகிற நேரமும் அதுதான்.

நாங்கள் செய்தது

மாநாட்டுக்குப் போகும்போது சொன்னபடியே செய்தோம். பஸ்ஸில் முகக்கவசம் போட்டு, சன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தோம். பக்கத்து சீட் அண்ணன் குளிருது என்று மூடினார், கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தோம், மறுபடி மூடினார். தண்ணீர்ப் போத்தலை ஆளுக்கொன்று வைத்துக்கொண்டோம். கட்டுரையும் நல்லபடி வாசித்தோம்.

திரும்பி வருகிற ராத்திரி, மாத்தளை தாண்டும்போது, எங்களில் ஒருத்திக்குக் காய்ச்சல். உடம்பு முறிக்கிற வலி, வரட்டு இருமல். கண்டியில் இறங்கும்போது அவள் வீட்டுக்குப் போகவேண்டும் என்றாள். பொங்கலுக்கு மூன்று நாள்தான் இருந்தது. வீட்டில் இழுப்பு உள்ள அப்பாயி. அக்காவின் எட்டு மாதக் குழந்தை. அம்மா ஒரு நாள் நின்றால் ஒரு நாள் சம்பளம் போகும்.

கண்டி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே பேசினோம். "நீ போகாதே" என்று சொல்வது லேசு. சொல்கிறவர்கள் அவளுக்கு இடம் கொடுக்க வேண்டும், சாப்பாடு கொடுக்க வேண்டும், கூட ஒரு ஆள் இருக்க வேண்டும். இது எதுவும் இல்லாமல் போகாதே என்று சொன்னால் நாங்களும் ஒரு மண்டபம் முகாம்தான். கடைசியில் பதுளை டவுனில் எங்களில் ரெண்டு பேர் இருக்கிற போர்டிங் அறையை அவளுக்குக் காலி செய்து கொடுத்தோம். ரெண்டு பேர் அடுத்த அறையில். காய்ச்சல் வருமா என்று பார்க்க மற்றவர்களும் நாலு நாள் வீட்டுக்குப் போகவில்லை. ஐந்து பேருக்கும் அந்த வருடம் வீட்டுப் பொங்கல் இல்லை.

காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும்தான். யாழ்ப்பாணத்தில் ஜனவரி டெங்கு காலமும் என்பதால் அஸ்பிரின், புரூபன் பக்கம் போகவேயில்லை. டெங்காக இருந்தால் அவை இரத்தக்கசிவைக் கூட்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாததால் இரத்தம் சோதிக்கக் கூட்டிப் போனோம், டெங்கு மாதிரி எதுவும் இல்லை. மூச்சு வாங்கினாலோ, மயக்கமாக இருந்தாலோ, சலம் போவது குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரி என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயசானவர்கள், இழுப்பு, சீனி வருத்தம் உள்ளவர்கள் என்றால் அந்த அளவுக்குக்கூட காத்திருக்கக் கூடாது, காய்ச்சல் வந்ததுமே டாக்டரிடம் காட்ட வேண்டும். கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் கொடுத்தோம். அது ஃபுளூவைக் கொல்லாது என்று தெரியும். ஆனால் தொண்டைக்கு இதமாக இருந்தது, யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்ற உணர்வும் இருந்தது.

பொங்கல் அன்றைக்கு அவள் தம்பி பசறையிலிருந்து முதல் பஸ்ஸில் டிபன் கேரியரோடு வந்தான். சர்க்கரைப் பொங்கல், வடை, அப்பாயி தனியாகக் கொடுத்துவிட்ட ரெண்டு கரும்புத் துண்டு. வாசலில் வைத்துவிட்டு, நாலடி தள்ளி நின்று, "அக்கா, அப்பாயி கேக்குது, எப்ப வருவ?" என்று சத்தமாகக் கேட்டான். அவள் உள்ளேயிருந்து, "இருமல் நின்னதும் வாரேன்னு சொல்லுடா" என்றாள்.

ஒரு வாரம் கழித்துப் போனாள். அப்பாயிக்கு ஒன்றும் ஆகவில்லை. குழந்தைக்கும் இல்லை. எங்களுக்கு ஒரு போர்டிங் அறை இருந்தது, அதனால் முடிந்தது. அப்படி ஓர் அறை எல்லாத் தோட்டத்திலும் இருக்க வேண்டும், காய்ச்சல்காரர் படுக்க, பேர் விழாத பயமில்லாமல். தோட்டத்தில் சும்மா பூட்டிக் கிடக்கிற கட்டிடம் ஒன்றா இல்லை? அடுத்த நவம்பருக்கு முன்னால் உங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியிலும் தலைவர்மாரிடமும் இதைக் கேளுங்கள். நாங்களும் கேட்கத் தொடங்கியிருக்கிறோம். 1919இல் எங்கள் ஆட்களுக்கு ஐந்து மாதம் கிடைத்தும் யாரும் கேட்கவில்லை.